பஸ்ஸில் கண்ட பட்டணம்

கப்பலேறிப் பிழைக்கப் போவது நம் தமிழ் மக்களுக்குப் புதிதன்று. ஆனால் வழியில் கப்பல் தங்கும் துறைமுகத்தில் இறங்கி, அந்த ஊரை நடந்தும் பஸ்ஸேறியும் பார்த்துத் திரும்பும் பாக்கியம், அப்படிப் போனவர்களில் பலருக்கு வாய்க்கவில்லை. எங்கள் சித்தப்பா அவர்களுள் ஒருவர். 1976-ஆம் ஆண்டில் அவர் சென்னைத் துறைமுகத்தில் 'சிதம்பரம்' என்னும் கப்பலில் ஏறிச் சிங்கப்பூருக்குப் புறப்பட்டார். பல ஆண்டுகள் அந்த வழியில் ஓடிய 'ரஜுலா'வுக்குப் பின், 1973 முதல் ஓடிய கப்பல் அது. 1985-இல் தீ விபத்துக்கு உள்ளாகும் வரையில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களை அக்கரையிலும் இக்கரையிலும் சேர்த்த பெருமை அதற்கு உண்டு.

"பினாங்கில் கப்பல் நின்றது. எதிரே ஊர் தெரிகிறது. பின்னால் மலை தெரிகிறது. கையிலோ காசில்லை. இறங்கிப் போனால் நம்மை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுமோ என்ற பயம் வேறு. கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றேன். சங்கு ஊதிற்று, கப்பல் புறப்பட்டுவிட்டது" என்று அவர் சொல்லுவார். சிறு வயது முதல் நாங்கள் பலமுறை கேட்ட கதை இது.

அந்தக் குறை 2023-இல் தீர்ந்தது. சித்தப்பாவும் சித்தியும் சிங்கப்பூரிலிருந்து உல்லாசக் கப்பல் ஒன்றில் சென்று, பினாங்கின் ஸ்வெட்டன்ஹாம் துறையில் ஒரு பகல் இறங்கினார்கள். கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்த வண்டியில் அவர்கள் ஏறவில்லை. படகுத்துறைக்கு அருகிலுள்ள பஸ் நிலையத்துக்கு நடந்து சென்றார்கள். ஜார்ஜ் டவுனைச் சுற்றிவரும் இலவச பஸ் ஒன்று உண்டு; அதில் ஏறி ஊரை ஒரு வலம் வந்தார்கள். பின்பு 204-ஆம் எண் பஸ்ஸைப் பிடித்துப் பினாங்கு மலையடிவாரம் சென்றார்கள். திரும்பும் வழியில், 1833-ஆம் ஆண்டு முதல் அங்கே விளங்கும் மகாமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, உரிய நேரத்துக்கு முன்பே கப்பலேறிவிட்டார்கள். நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் கம்பியைப் பிடித்தபடி பார்த்த ஊரை, பஸ்ஸின் கம்பியைப் பிடித்தபடி பார்த்துவிட்டதாக அவருக்கு ஒரு நிறைவு.

இந்தச் சித்தப்பாவும் சித்தியும் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் எங்கள் இல்லத்துக்கு வந்தார்கள். அவர்கள் வந்த பிறகுதான், இத்தனை காலமும் கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டிருந்தவர்கள் நாங்களே என்பது எங்களுக்கு விளங்கிற்று.

ஆர்.சி.புரம்

எங்கள் ஊர் இராமச்சந்திராபுரம். கோதாவரி டெல்டாப் பக்கத்திலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு. நாங்கள் சொல்லுவது அதுவன்று. ஹைதராபாத்திலிருந்து மும்பை செல்லும் நெடுஞ்சாலையில், நகரின் நடுப்பகுதிக்கு வடமேற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது எங்கள் ஊர். ஊரார் 'ஆர்.சி.புரம்' என்பார்கள், அதைவிட 'பெல்' என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

1964-ஆம் ஆண்டில் பாரத மிகுமின் நிறுவனம் தோன்றியபோது, அதன் தொழிற்சாலைகளுள் ஒன்று திருச்சிக்கு அருகிலுள்ள திருவெறும்பூரிலும், மற்றொன்று இங்கேயும், இன்னொன்று ஹரித்துவாரிலும் அமைந்தன. திருச்சித் தொழிற்சாலைக்கும் எங்கள் தொழிற்சாலைக்கும் தொடக்கத்தில் தொழில்நுட்ப உதவி அளித்தது செக்கோஸ்லோவாகியா நாடு. மின்சாரம் உண்டாக்குவதற்கு நீராவியைத் தரும் கொதிகலன் திருச்சியில் ஆயிற்று. அந்த நீராவியால் சுழலும் டர்பைன் இங்கே ஆயிற்று. ஒரே வீட்டின் இரண்டு அடுப்புகள் போல. ஆதலால் இங்கே தமிழ்க் குடும்பங்கள் பல வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. எங்கள் தந்தையார் அவ்வாறு வந்தவர். 1975-இல் திருமணமாகி அம்மாவும் வந்து சேர்ந்தார்.

டவுன்ஷிப் வாழ்க்கையில் எதற்கும் குறைவில்லை. குடியிருப்பு உண்டு, பள்ளி உண்டு, ஆஸ்பத்திரி உண்டு, கோயில் உண்டு. தந்தையார் நடந்தே வேலைக்குச் செல்வார். காய்கறிக்கு லிங்கம்பள்ளிச் சந்தை. ஊருக்குப் போக நாம்பள்ளி ரயில் நிலையம். கிருத்திகைக்கு எப்போதாவது சிகந்தராபாத் பத்மாராவ் நகரில் ஸ்கந்தகிரி முருகன் கோயில். இவ்வளவுதான் எங்கள் ஹைதராபாத். பின்னாளில் கார் வாங்கினோம். அதனால் நகரம் நெருங்கவில்லை, மேலும் விலகிற்று. போக்குவரத்து நெரிசலையும் வண்டி நிறுத்த இடமில்லாமையையும் எண்ணினால், சார்மினார் பக்கம் போகலாம் என்ற பேச்சே வீட்டில் எழுவதில்லை.

சித்தப்பாவும் சித்தியும் மறுநாள் மாலையே நாம்பள்ளியில் சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போகவேண்டும். இடையில் ஒரு பகல் மட்டுமே. "அண்ணி, இந்த ஊரில் பார்க்க வேண்டியது என்ன? நீங்களே சொல்லுங்கள்" என்று சித்தப்பா அம்மாவைக் கேட்டார்.

அம்மா சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "சாலார் ஜங் மியூசியத்தில் ஒரு கடிகாரம் உண்டு, தம்பி. உங்கள் அண்ணா ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனார்" என்றார்.

எந்த ஆண்டு என்று கேட்டோம். 1978 என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தந்தையார் மறைந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இந்த நாற்பத்தாறு ஆண்டுகளில் அந்தக் கடிகாரத்தை இன்னொரு முறை பார்க்கவேண்டும் என்று அம்மா ஒரு நாளும் எங்களிடம் சொன்னதில்லை.

வாடகைக் கார் ஒன்று சொல்லிவிடுகிறோம் என்றோம். சித்தப்பா சிரித்தார். "முன்பின் தெரியாத பினாங்கிலேயே நாங்கள் பஸ்ஸில் சுற்றினோம். ஐம்பது வருஷம் குடியிருந்த ஊரில் உங்களுக்குக் கார் வேண்டுமா?" என்றார். அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை.

கப்பல் பிரயாணியின் மூன்று விதிகள்

அன்றிரவு உணவுக்குப் பின், சித்தப்பா காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். துறைமுகத்தில் ஒரு பகல் இறங்குகிறவன் கடைப்பிடிக்க வேண்டியவை மூன்று என்றார்.

முதலாவது, திரும்பும் நேரத்தை முதலில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். கப்பல்காரர் ஏற்பாட்டில் போனவர்கள் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். தன் விருப்பப்படி போனவனுக்குக் காத்திருக்காது. இரண்டாவது, தொலைவிலுள்ளதை முதலில் பார்த்துவிட்டு, நேரம் ஆக ஆகத் துறைமுகத்தை நோக்கி நெருங்கிவர வேண்டும். கடைசி ஒரு மணி நேரம் துறைமுகத்துக்கு அருகிலேயே கழிய வேண்டும். மூன்றாவது, பத்து இடங்களை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட இரண்டு இடங்களை உட்கார்ந்து பார்ப்பது மேல்.

எங்கள் துறைமுகம் நாம்பள்ளி ஸ்டேஷன். கோல்கொண்டாக் கோட்டையையும் பட்டியலில் எழுதியிருந்தோம். வாயிலில் கைதட்டினால் மலையுச்சியில் கேட்கும் அந்தக் கோட்டைக்கு அரை நாள் வேண்டும். அது வேறு திசையிலும் உள்ளது. சித்தப்பா அதை அடித்துவிட்டார். எஞ்சியவை மியூசியமும் சார்மினாரும். பெட்டிகளை எங்கள் மகன் பிற்பகலில் லிங்கம்பள்ளியிலிருந்து புறநகர் ரயிலில் நேரே நாம்பள்ளிக்குக் கொண்டுவருவதென்று முடிவாயிற்று. எம்.எம்.டி.எஸ். எனப்படும் அந்த ரயில் 2003-ஆம் ஆண்டு முதல் ஓடுகிறது. 2019-இல் தெல்லாப்பூர் வழியாக எங்கள் ஊர் வரைக்கும் பாதை வந்துவிட்டது. ஆயினும் வண்டிகள் சிலவே ஆதலால், லிங்கம்பள்ளி செல்வதே நம்மவர்க்கு வழக்கம்.

அம்மாவின் பஸ் டிக்கெட்

காலை எட்டரை மணிக்கு நெடுஞ்சாலைக்கு வந்து நின்றோம். பட்டன்செருவிலிருந்து கோட்டிக்குச் செல்லும் 218-ஆம் எண் பஸ் வந்தது. பெயர்ப்பலகை தெலுங்கில் இருந்தால் என்ன, எண் எல்லோருக்கும் பொது அல்லவா? 218 என்றால் கோட்டி, 219 என்றால் சிகந்தராபாத் என்று நினைவில் வைத்தால் பாதி ஹைதராபாத் கைக்கு வந்துவிடும்.

இந்நகரப் பஸ்களில் முன்பகுதி பெண்களுக்கு உரியது. அம்மாவும் சித்தியும் முன்னால் ஏறினார்கள். ஆண்கள் பின்னால் ஏறினோம். "ஜரகண்டி, முந்துக்கு ஜரகண்டி" என்றார் கண்டக்டர் அம்மையார். திருப்பதி சென்ற தமிழர் எவருக்கும் அந்தச் சொல்லுக்கு உரை வேண்டியதில்லை. சித்தப்பா உடனே நகர்ந்தார்.

முன்பக்கத்தில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல், தெலங்காணாவில் வசிக்கும் பெண்கள் சாதாரண பஸ்ஸிலும் எக்ஸ்பிரஸ் பஸ்ஸிலும் கட்டணமின்றிச் செல்லலாம். நம் தமிழ்நாட்டிலும் 2021 முதல் நகரப் பஸ்களில் இவ்வாறு ஓர் ஏற்பாடு உண்டு. விலாசம் உள்ள அடையாள அட்டையைக் காட்டினால் பூஜ்யம் ரூபாய் என்று அச்சிட்ட ஒரு டிக்கெட் தருவார்கள். அம்மாவுக்கு இது செய்தித்தாளில் தெரியும், கையில் வாங்கியதில்லை. கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்த பிறகும் இவர் பர்ஸைத் திறந்து பணத்தை நீட்டுகிறார். "டப்புலு ஒத்தம்மா" என்று அவர் மறுக்கிறார். "இனாமாக எப்படி ஏறுவது?" என்று அம்மா தெலுங்கில் வாதாடுகிறார். பக்கத்து இருக்கையில் பூக்கூடையோடு அமர்ந்திருந்த ஒரு மாது, "பெரியம்மா, இத்தனை வருஷம் வரி கட்டவில்லையா? வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி வழக்கைத் தீர்த்தாள். சிங்கப்பூர் விலாசம் உள்ள சித்தி மட்டும் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினார்.

இந்நகரத்துப் பஸ்ஸின் வரலாறும் சுவையானது. 1932-ஆம் ஆண்டில், நிஜாம் அரசின் ரயில் இலாகா 27 பஸ்களையும் 166 ஊழியர்களையும் கொண்டு பஸ் போக்குவரத்தைத் தொடங்கிற்று. பஸ்களின் பதிவெண்ணில் 'இஸட்' என்ற எழுத்து வருவதைக் கண்டிருப்பீர்கள். அது நிஜாமின் அன்னையாராகிய ஸஹ்ரா பேகத்தின் பெயரின் முதலெழுத்து என்று இவ்வூரார் சொல்லுவார்கள். ஒரு மகன் தன் தாயின் நினைவைப் பஸ்ஸில் எழுதிவைத்தான் என்ற கதையைக் கேட்டபோது, தாயைப் பஸ் ஏற்றவே ஐம்பது ஆண்டு காத்திருந்த எங்களுக்குச் சிறிது வெட்கமாகவே இருந்தது.

மாடிமேல் ஓடும் வண்டி

மியாப்பூரில் இறங்கி மெட்ரோ ரயில் ஏறினோம். 2017-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தொடங்கிய ரயில் இது. மூன்று பாதைகள், மொத்தம் 69 கிலோமீட்டர் நீளம். அப்போது கட்டணம் 10 ரூபாய் முதல் 60 ரூபாய் வரையில் இருந்தது. 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் அது உயர்ந்தது. நாங்கள் ஏறியது சிவப்புப் பாதை. மியாப்பூரையும் எல்.பி. நகரையும் இணைப்பது இப்பாதை. 29 கிலோமீட்டருக்கு 27 நிலையங்கள். பூமிக்கடியில் ஓடாமல், சாலைக்கு மேலே தூண்களின்மீது ஓடுவதால், ஊரைப் பார்த்துக்கொண்டே செல்லலாம். சிங்கப்பூரில் 1987-இல் முதல் ரயில் ஓடிய நாளை நினைவுகூர்ந்த சித்தப்பா, "அங்கே நடு ஊரில் பாதாளத்தில் போய்விடும்; இங்கே நடு ஊரிலும் மாடி தெரிகிறது" என்று மகிழ்ந்தார்.

கூக்கட்பள்ளியின் மொட்டைமாடிகளில் துணி உலர்ந்துகொண்டிருந்தது. அமீர்பேட்டையில் பாதிக் கூட்டம் இறங்கிற்று. வேறு பாதைக்கு மாறுவோர் அங்கே மாறுவார்கள். கைரதாபாத்தை அணுகியபோது, ஹுசேன் சாகர் ஏரி உள்ள திசையைச் சித்திக்குக் காட்டினோம். ஏரியின் நடுவில் நிற்கும், ஒரே கல்லாலான புத்தர் சிலையைச் செதுக்குவித்தவர் நம் தமிழ்நாட்டுச் சிற்பி கணபதி ஸ்தபதி. 1990-இல் மிதவையில் ஏற்றிச் செல்லும்போது சிலை நீரில் மூழ்கிவிட்டது, உயிர்களும் பலியாயின. இரண்டு ஆண்டுகள் ஏரியின் அடியில் கிடந்த பின், 1992-இல் அதை மீட்டு நிறுத்தினார்கள். சட்டமன்ற நிலையத்தருகே, 1913-இல் கட்டி முடித்த வெண்ணிற மாளிகை தென்பட்டது. அதையடுத்து நாம்பள்ளி. "அண்ணி, மாலையில் நாங்கள் ஏறவேண்டிய துறைமுகம் இதுதானே?" என்று சித்தப்பா நிலையத்தின் பெயரைப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டார். மகாத்மா காந்தி பஸ் நிலையத்தருகே இறங்கும்போது மணி பத்து.

பன்னிரண்டு முறை ஒலித்த மணி

அங்கிருந்து அம்மாவின் முழங்காலை எண்ணி ஆட்டோவில் மியூசியத்துக்குச் சென்றோம். நிஜாமின் திவானாகச் சில காலம் இருந்த மூன்றாம் சாலார் ஜங், மணம் செய்துகொள்ளாமல், தம் வாழ்நாளையும் செல்வத்தையும் அரும்பொருள்கள் சேர்ப்பதில் செலவிட்டவர். 1949-இல் அவர் மறைந்தார். 1951-இல் பண்டித நேரு அவருடைய மாளிகையிலேயே காட்சிசாலையைத் திறந்துவைத்தார். மூசி நதிக்கரையிலுள்ள இப்போதைய கட்டடத்துக்கு 1968-இல் அது மாறிற்று. வெள்ளிக்கிழமை விடுமுறை.

இத்தாலியச் சிற்பி பென்சோனி 1876-இல் செய்த ரெபெக்காவின் பளிங்குச் சிலையின்முன் சித்தி வெகுநேரம் நின்றார். முகத்தின்மேல் மெல்லிய முக்காடு; முக்காட்டுக்குள் முகம் தெரிகிறது; இரண்டும் கல்! "நம் கோயில் சிற்பிகள் கல்லில் சங்கிலி செய்தார்கள், இவர் கல்லில் மல்லுத்துணி நெய்திருக்கிறார்" என்றார் அவர். அம்மாவின் கால்கள் மட்டும் வேறு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன.

கடிகாரம் உள்ள முற்றத்தில் மணி பன்னிரண்டை எதிர்பார்த்துப் பலர் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிச் சிறுவர் கூட்டம் ஒன்று தரையில் அமர்ந்திருந்தது. கடிகாரத்துக்குள்ளே ஒரு சிறு கொல்லன் நொடிக்கு ஒரு முறை சம்மட்டியால் தட்டிக்கொண்டே இருக்கிறான். மணி நெருங்கியதும் சிறு கதவு திறக்கிறது, தாடி வைத்த சின்னஞ்சிறு மனிதன் ஒருவன் வெளியே வருகிறான், மணியை அடிக்கிறான், உள்ளே போய்விடுகிறான். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பன்னிரண்டு ஓசைக்கும் சிறுவர்கள் உரக்க எண்ணினார்கள். அம்மாவின் உதடுகளும் அசைந்தன.

கூட்டம் கலைந்த பின்னும் அம்மா எழவில்லை. "அன்றைக்கும் பன்னிரண்டு மணிதான். உனக்கு எட்டு மாதம். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு உங்கள் அப்பா நின்றார். மணி அடித்ததும் நீ அழுதாய். மறுபடியும் ஒரு நாள் வந்து இவன் அழாமல் இருக்கிறானா பார்ப்போம் என்று சொன்னார். பிறகு ஷிப்டு, படிப்பு, கல்யாணம், வீடு என்று ஆகிவிட்டது" என்றார்.

"எங்களிடம் சொல்லியிருக்கலாமே, அம்மா?" என்றோம்.

"எப்படிச் சொல்லுவது? உங்களுக்கு லீவு இருக்கவேண்டும், கார் எடுக்கவேண்டும், நிறுத்த இடம் இருக்கவேண்டும், ஒரு கடிகாரத்துக்காக இத்தனையுமா? இவ்வளவு சுலபமாக வரலாம் என்று தெரிந்திருந்தால் நானே வந்திருப்பேன்" என்றார் அம்மா.

அவர் குறையாகச் சொல்லவில்லை; உள்ளதைச் சொன்னார். எங்களுக்குத்தான் அது தைத்தது. அம்மாவை நாங்கள் நன்றாக வைத்திருக்கிறோம் என்றே நினைத்திருந்தோம். வேளைக்கு உணவு, வேளைக்கு மருந்து, கேட்டால் கார். ஆனால் கேட்டால்தான் கார். ஒருவரைக் கேட்காமலே வெளியே சென்று திரும்பும் உரிமை ஒன்று உண்டு என்பதும், அது எட்டாமற் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதும் எங்கள் எண்ணத்தில் வரவில்லை.

சார்மினாரும் ஒரு சங்கடமும்

அங்கிருந்து மதீனா சந்திப்பு வழியாகப் பத்தர்கட்டிக் கடைகளைப் பார்த்துக்கொண்டே மெல்ல நடந்து சார்மினாரை அடைந்தோம். 1591-இல் முகம்மது குலி குதுப் ஷா கட்டியது. நான்கு முகங்களிலும் உள்ள கடிகாரங்கள் 1889-இல் சேர்ந்தவை. சுற்றிலும் வண்டிகளை விடுவதில்லை ஆதலால், நிம்மதியாக நின்று பார்க்க முடிகிறது. அருகில் மக்கா மசூதி. 1694-இல் ஔரங்கசீப் காலத்தில் கட்டி முடிந்தது. லாட் பஜாரில் அம்மாவும் சித்தியும் அரக்கு வளையல் வாங்கினார்கள். ஈரானித் தேநீரும் உஸ்மானியா பிஸ்கோத்தும் அருந்தினோம். உப்பும் இனிப்பும் கலந்த அந்தப் பிஸ்கோத்தைத் தேநீரில் நனைத்துத் தின்பதே முறை என்று அடுத்த மேஜைப் பெரியவர் உருதுவில் கற்பித்தார். சித்தப்பாவுக்கு மொழி தெரியாது, பாடம் புரிந்துவிட்டது.

இங்கேதான் நாங்கள் இரண்டாம் விதியை மறந்தோம். வளையல் பேரம் நீண்டுவிட்டது. நான்கரை மணிக்குச் சிடி பஸ் ஏறினோம். நயாபூல் பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றது. முன்னே நூறு வண்டிகள். பின்னே நூறு வண்டிகள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், இருபது நிமிஷம் ஆயிற்று. மகன் பெட்டிகளோடு நாம்பள்ளியில் வந்து நிற்பதாகத் தொலைபேசியில் சொன்னான். சித்தப்பாவின் முகம் மாறிவிட்டது. 1976-இல் பினாங்கில் அவர் பட்ட அச்சம் எப்படியிருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது. ஆட்டோவுக்கு இறங்கலாமா என்றோம். ஆட்டோக்களும் அங்கேயே நின்றுகொண்டிருந்தன.

அப்போது அம்மா கண்டக்டரை அழைத்துத் தெலுங்கில் ஏதோ கேட்டார். திரும்பி எங்களைப் பார்த்து, "இறங்குங்கள். பாலம் தாண்டி ஆற்றங்கரையோடு போனால் காலையில் இறங்கிய ஸ்டேஷன் வந்துவிடுமாம். அங்கிருந்து மூன்றாவது நிறுத்தம் நாம்பள்ளி. காலையில் எண்ணிக்கொண்டுதானே வந்தேன்" என்றார்.

முழங்கால் வலியை எங்கே வைத்தாரோ தெரியாது. அம்மா முன்னே நடக்க நாங்கள் பின்னே நடந்தோம். பாலத்தின் கீழே மூசி மெலிந்து ஓடிக்கொண்டிருந்தது. 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் இதே ஆறு பொங்கி நகரத்தைச் சூறையாடிற்று. அக்கரையில் தெரிந்த உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்திலுள்ள ஒரு புளியமரத்தின்மேல் ஏறித்தான் அன்று சுமார் 150 பேர் உயிர் தப்பினார்கள். மறுபடி வெள்ளம் வராமலிருக்க வழி காண விசுவேசுவரய்யாவை அழைத்தார்கள். அவர் வகுத்த திட்டத்தின் பயனாகவே 1920-இல் உஸ்மான் சாகரும் 1927-இல் ஹிமாயத் சாகரும் எழுந்தன. இவற்றையெல்லாம் சித்தப்பாவுக்கு நின்று சொல்ல அவகாசமில்லை. நடந்துகொண்டே மூச்சிரைக்கச் சொன்னோம்.

மெட்ரோ ஏறி மூன்றாம் நிலையத்தில் இறங்கினோம். ரயில்மேடைக்கு வந்தபோது வண்டி புறப்பட இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. பெட்டிகளை ஏற்றினோம். சித்தப்பா ஜன்னலருகே அமர்ந்து, "அண்ணி, பினாங்கில் நான் கப்பலைப் பிடித்தேன், இங்கே நீங்கள் கப்பலைப் பிடித்துக் கொடுத்தீர்கள்" என்றார். சித்தி அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டு, "அக்கா, சிங்கப்பூருக்கு வாருங்கள். அங்கேயும் பஸ் இருக்கிறது" என்றார்.

நேயர்களுக்கு ஒரு வார்த்தை

இதன் பிறகு ஒரு மாதம் சென்றது. ஒரு நாள் வேலையிலிருந்து திரும்பியபோது வீடு பூட்டியிருந்தது. அண்டை வீட்டுக் கதவும் பூட்டியிருந்தது. அம்மாவின் தொலைபேசி மேஜைமேல் கிடந்தது. என்ன செய்வதென்று தோன்றாமல் வாசலிலேயே நின்றோம். பொழுது சாயும் வேளையில், அம்மாவும் அடுத்த வீட்டு அம்மாளும் பேசிச் சிரித்துக்கொண்டே தெருமுனையில் வந்தார்கள். ஸ்கந்தகிரிக்குப் போய்வந்தார்களாம். "219-இல் சிகந்தராபாத், அங்கிருந்து கேட்டுக்கொண்டு போய்விட்டோம்" என்றார் அம்மா. தொலைபேசியை எடுத்துப் போகக் கூடாதா என்று சற்றுக் கடிந்துகொண்டோம். அடுத்த முறை எடுத்துப் போவதாகச் சொல்லி, விபூதியைக் கொடுத்தார். பூஜ்யம் ரூபாய் டிக்கெட்டுகள் இரண்டும் பஞ்சாங்கத்துக்குள் போய்ச் சேர்ந்தன.

பிழைக்க வந்த ஊரில் நம்மில் பலர் நங்கூரமிட்ட கப்பலில் இருப்பது போலவே காலம் கழிக்கிறோம். வேலை, வீடு, சங்கம், ஊருக்குப் போகும் ரயில் என்று கப்பலுக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது. கரை எதிரே தெரிகிறது; இறங்குவதில்லை. ஒரு பகல் தங்கும் பிரயாணி பார்த்துவிட்டுப் போவதை, ஐம்பது ஆண்டு தங்கியவர்கள் பாராமலே இருந்துவிடுகிறோம். அதிலும் வீட்டிலுள்ள முதியோரை, நாம் அழைத்துப் போனாலன்றி அவர்கள் எங்கும் செல்ல வேண்டியதில்லை என்ற நிலைமையில் வைத்துவிடுகிறோம். இது அன்பின் குறையன்று, கவனத்தின் குறை.

ஆதலால் அன்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். அடுத்த விடுமுறையில், வெள்ளிக்கிழமையாக இல்லாமல் பார்த்துக்கொண்டு, வீட்டுப் பெரியவர்களோடு ஒரு முறை பஸ்ஸில் புறப்படுங்கள். அடையாள அட்டையையும் சில்லறையையும் மறவாதீர்கள். மாலை நெரிசலுக்கு முன் திரும்பிவிடுங்கள். எண்களை அவர்களே படிக்கட்டும். வழியை அவர்களே கேட்கட்டும். மறுமுறை அவர்களே போய்வருவார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கோல்கொண்டாவுக்குப் போவதென்று எங்கள் வீட்டில் முடிவாகியிருக்கிறது. எந்த எண் பஸ் என்று அம்மா விசாரித்து வைத்திருக்கிறார்.